ஒரு பனியனுக்குள் எவ்வளவு எரிபொருள்? (விவாத இழை)

4 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். கட்டிங், தையல், செக்கிங் மட்டும்தான் சொந்தம். ஜெர்மனி பையர் புதிதாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு கட்டம்: ஒரு பீஸ் தயாரிக்க ஆன மொத்த ஆற்றல், மெகாஜூலில். இதைக் கணக்கிட்டுத் தர ஆலோசகர் கேட்கும் தொகையில் இரண்டு ஓவர்லாக் மெஷின் வாங்கிவிடலாம். மாதக் கரண்ட் பில்லையும் ஜெனரேட்டர் டீசலையும் கூட்டி, அனுப்பிய பீஸ் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது என்பது என் வாதம். இதில் என்ன பெரிய வித்தை?

4 பிப்ரவரி, இரவு

வகுத்தலில் வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் பில்லை வகுத்தால் உங்கள் கூரைக்குக் கீழே செலவானது மட்டும் கிடைக்கும். பையர் கேட்பது பீஸுக்குள் ஏறியிருக்கும் மொத்தத்தை. நூல் ஒரு மில்லில், நிட்டிங் இன்னொருவரிடம், சாயம் ஒரு பட்டறையில், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தும் வேலை) வேறொரு தெருவில், பிரின்டிங் மற்றொரு ஜாப் ஒர்க்கரிடம் என்று ஊர் முழுக்கச் சுற்றித்தான் துணி உங்களிடம் வருகிறது. திருப்பூரில் ஒரு பீஸின் ஆற்றல் பல பேருடைய மின் மீட்டர்களில் சிதறிக் கிடக்கிறது. உங்களுடையது அதில் கடைசி, பெரும்பாலும் மிகச் சிறியதும்கூட.

எரிசக்தித் தணிக்கை என் தொழில். நூற்பாலை, சாயப்பட்டறை என்று கோவைக்கும் பெருந்துறைக்கும் நடுவே அலைபவன். ஆலோசகரின் கட்டணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மாட்டேன், நாளை எனக்கும் அதுதான் பிழைப்பு.

5 பிப்ரவரி

சரி, கையால் ஒரு கணக்குப் போடுவோம். 150 கிராம் எடையுள்ள சாதாரண டி-ஷர்ட். கட்டிங் வேஸ்ட், பிராசஸ் லாஸ் எல்லாம் போக 150 கிராம் மிஞ்ச வேண்டுமென்றால் ஏறத்தாழ 190 கிராம் நூல் உள்ளே போயிருக்க வேண்டும். இந்த 40 கிராமுக்கும் மில்லில் கரண்ட் ஓடியிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நூற்பு: பனியனுக்குப் போகும் 30ஸ், 34ஸ் கவுண்ட் (எண் கூடக்கூட நூல் மெல்லியது) நூலுக்கு நான் பார்த்த மில்களில் கிலோவுக்கு 3 முதல் 4 யூனிட். 190 கிராமுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நிட்டிங் சொற்பம். சாயத்திலும் பினிஷிங்கிலும் சேர்த்து 0.3 யூனிட் வைக்கலாம். உங்கள் தையல், விளக்கு, அயர்னிங் எல்லாம் 0.2. ஆக மொத்தம் 1.2 யூனிட்டை ஒட்டி வரும். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல் என்பதால் மின்சாரம் 4.3 மெகாஜூல்.

இனி விறகு. சாயப்பட்டறையில் கிலோ துணிக்கு 2 கிலோவை ஒட்டி எரிகிறது. உங்கள் பீஸுக்காகச் சாயத்துக்குப் போகும் துணி 180 கிராம் என்று வைத்தால், அதன் பங்குக்குச் சுமார் 0.36 கிலோ. காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும் என்று கொண்டால் 5.4.

கூட்டினால் 10 மெகாஜூலுக்குக் கொஞ்சம் கீழே. கட்டத்தில் 10 என்று எழுதிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மில் மேனேஜரிடம் யுகேஜி (ஒரு கிலோ நூலுக்கு ஆகும் யூனிட்) கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மில்கள் பெருமையாகச் சொல்லும் எண் 40ஸ் கவுண்ட்டுக்கு மாற்றிய யுகேஜியாக இருக்கும். வெவ்வேறு கவுண்ட் ஓட்டும் மில்களை ஒரே தராசில் நிறுத்துவதற்காகச் செய்யும் மாற்றம் அது, கோவையில் உள்ள சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் நெறிகளை வைத்துச் செய்வார்கள். மில்லை மில்லோடு ஒப்பிட நல்ல எண். உங்கள் பனியனுக்கு அது உதவாது. ஓட்டிய கவுண்ட்டுக்கு உண்மையில் எத்தனை யூனிட் ஆனது என்று கேட்டு வாங்குங்கள்.

7 பிப்ரவரி

பத்து என்று எழுத வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். பிளக்கில் வரும் 3.6 மெகாஜூல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் உற்பத்திக்கு ஏறத்தாழ 2,400 கிலோ கலோரி நிலக்கரி எரிகிறது. அதாவது 10 மெகாஜூல். மூன்றில் இரண்டு பங்கு குளிரூட்டும் கோபுரத்தின் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. கம்பியில் போகும் இழப்பு தனி. அப்படிப் பார்த்தால் உங்கள் 1.2 யூனிட்டுக்குப் பின்னால் 13 மெகாஜூல் நிலக்கரி இருக்கிறது. விறகைச் சேர்த்தால் 18ஐத் தாண்டும்.

ஒரே பீஸ். அதே மெஷின், அதே பில். ஒரு விடை 10, மற்றொன்று 18. இரண்டும் சரியான கணக்குதான். பையரின் படிவம் எதைக் கேட்கிறது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அடிக்குறிப்பில் தேடுங்கள்.

8 பிப்ரவரி

பல்லடத்து நண்பர் கேட்கிறார்: "எங்கள் மில்லுக்கு முப்பந்தலில் காற்றாலை இருக்கிறது. எங்கள் யூனிட்டுக்கு நிலக்கரி எங்கே வந்தது?"

நல்ல கேள்வி, எரிச்சலூட்டும் கேள்வியும்கூட. சர்வதேச எரிசக்தி முகமையின் வழக்கப்படி காற்று, சூரியன், நீர் வழி வரும் ஒரு யூனிட்டை 3.6 மெகாஜூலாகவே எண்ணுவார்கள். அணு மின்சாரத்தையோ வெப்பத்திலிருந்து எண்ணுவார்கள், திறன் 33 சதவீதம் என்று வைத்து. எனவே கூடங்குளத்து யூனிட் 10.9 மெகாஜூல், முப்பந்தல் யூனிட் 3.6. இரண்டும் உங்கள் மெஷினை ஒரே மாதிரிதான் ஓட்டுகின்றன. நிலக்கரியைக் கைவிட்டுக் காற்றாலைக்கு மாறும் நாடு, ஒரு பீஸ்கூடக் குறைக்காமல் காகிதத்தில் ஆற்றலை மிச்சப்படுத்தியதாகத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

காற்று வீசுவதோ மே முதல் செப்டம்பர் வரை. மில் ஓடுவது ஆண்டு முழுக்க. ஜனவரியில் நூற்ற நூலுக்கு ஜூலைக் காற்றைக் கணக்குக் காட்டுகிறோம். மின் வாரியத்தின் வரவு செலவில் அது நியாயம். அந்த ஜனவரி இரவில் மோட்டாரைச் சுழற்றியது எது என்று கேட்டால், பெரும்பாலும் நிலக்கரிதான். இதைச் சொன்னதற்காக ஒரு மில்லில் எனக்கு மதியச் சாப்பாடு தாமதமாக வந்தது.

11 பிப்ரவரி

விறகு விஷயத்துக்குத் திரும்ப வேண்டும். 15 மெகாஜூல் என்று மேலே வைத்தது காய்ந்த விறகுக்கு. பட்டறைக்கு வருவது பாதி நாள் அப்படி இருக்காது. சீமைக்கருவேலக் கட்டை ஏற்றிய லாரி எடை மேடையில் நிற்கும்போது, அதன் எடையில் எத்தனை பங்கு தண்ணீர் என்பதை எடை மேடை சொல்லாது. 40 சதவீதம் ஈரம் இருந்தால் கிலோவுக்கு 10 மெகாஜூல்தான் தேறும். மழைக்காலத்தில் ஒரு பட்டறையின் பதிவேட்டில் விறகுச் செலவு திடீரென்று ஏறியிருக்கும், முதலாளி பாய்லர்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார். பாய்லர் ஒன்றும் கெட்டிருக்காது. எடை போட்டு வாங்கியதில் பெரும்பங்கு தண்ணீராக இருந்திருக்கும், எரிந்த விறகின் சூட்டிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரைக் காய்ச்சவே போயிருக்கும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு பாய்லர் ஆபரேட்டர் இருக்கிறார். லாரியிலிருந்து இரண்டு கட்டைகளை உருவி ஒன்றோடொன்று தட்டுவார். "கணீர்" என்றால் இறக்கச் சொல்வார். "தொப்" என்றால் டிரைவரைப் பார்ப்பார், டிரைவர் வானத்தைப் பார்ப்பார். என் பையில் இருக்கும் ஈரமானி சொல்லும் எண்ணுக்கும் அவருடைய காதுக்கும் பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் பையரின் படிவத்தில் "தட்டிக் கேட்டது" என்று எழுத இடமில்லை.

ஆகவே 5.4 என்பதை 3.6 முதல் 5.4 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12 பிப்ரவரி

விறகு மரம்தானே, மறுபடி முளைக்கும், பூஜ்யம் என்று போட்டால் என்ன? கரியமில வாயுக் கணக்கில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆற்றல் கணக்கில் இல்லை. எரிந்தது எரிந்ததுதான்.

19 பிப்ரவரி

ஈரோட்டிலிருந்து எழுதும் ஆசிரியை கேட்கிறார்: "இருபது வருடத்துக்கு முந்தைய பனியனில் இதைவிடக் குறைவான ஆற்றல்தானே இருந்திருக்கும்? அப்படியானால் அந்தக் காலத்துப் பனியன் நல்ல பனியனா?"

இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசை.

சாயப்பட்டறையில் கிலோ துணிக்கு 50 லிட்டரை ஒட்டித் தண்ணீர் போகிறது. முன்பு அது உப்போடும் சாயத்தோடும் அப்படியே நொய்யல் ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயக் கழிவு தேங்கும் குட்டையாக ஆனது. விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற முறைக்கு ஊரே மாற வேண்டியிருந்தது.

அந்த ஒரு சொட்டை நிறுத்த என்ன ஆகிறது என்று பார்ப்போம். 50 லிட்டரையும் முதலில் ஆர்.ஓ.வில் தள்ளுகிறார்கள். ஏறத்தாழ 45 லிட்டர் நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். பம்புகளுக்குக் கிலோ துணிக்கு 0.2 யூனிட் என்று வைக்கலாம். மீதி 5 லிட்டர் கடும் உப்புக் கரைசல். அதை எவாப்பரேட்டரில் காய்ச்சித்தான் உப்பாக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வேண்டும், அதில் பேரம் கிடையாது. நேரடியாகக் காய்ச்சினால் 11 மெகாஜூல். ஒரு கலனில் எழும் ஆவியை அடுத்த கலனுக்குச் சூடாகக் கொடுத்து நான்கு கட்டமாக இறக்கினால் மூன்றுக்குப் பக்கத்தில் வரும். பாய்லர் இழப்பு, குழாய் இழப்பு சேர்த்து நாலரை. கிடைக்கும் சோடியம் சல்பேட் மறுபடி சாயத் தொட்டிக்குப் போகும், அது ஒரு சின்ன லாபம்.

ஒரு பீஸுக்கு இதை இறக்கினால்: எவாப்பரேட்டருக்கு 0.8 மெகாஜூல், ஆர்.ஓ. மின்சாரத்துக்கு நிலக்கரிக் கணக்கில் 0.4. இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் மெகாஜூலுக்குள். 18இல் ஒன்றேகால்!

இதைத் தனியாகப் போட்டுப் பார்க்கும்வரை நானும் இதை மூன்று நான்கு இருக்கும் என்றே நினைத்திருந்தேன். எவாப்பரேட்டர் பக்கம் நின்றால் அதன் இரைச்சலிலும் சூட்டிலும் அப்படித்தான் தோன்றும். ரூபாயில் அது கனமான செலவு, அதை நான் மறுக்கவில்லை. ஆற்றலில் இவ்வளவுதான்.

இனி ஆசிரியையின் கேள்விக்கு. ஆம், பழைய பனியனுக்குள் அந்த ஒன்றேகால் மெகாஜூல் இல்லை. அந்தச் செலவை அணைக்குக் கீழே இருந்த கிணறுகளும் தென்னைகளும் ஏற்றுக்கொண்டன. மெகாஜூல் கட்டத்தில் நதிக்கு வரிசை கிடையாது. பையர் ஆற்றலை மட்டும் வைத்துப் பட்டறைகளைத் தரம் பிரித்தால், இரவில் வால்வைத் திறந்துவிடும் பட்டறைதான் முதல் மதிப்பெண் வாங்கும். இதை அவருக்கு எழுதுங்கள். நான் வேண்டுமானால் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன், கட்டணம் இல்லாமல்.

20 பிப்ரவரி

பழைய இயந்திரங்களில் தண்ணீரும் சூடும் அதிகம் விரயமானதே என்று இருவர் சுட்டியிருக்கிறார்கள். உண்மை. சாயம் போடும் அந்தக் காலத்து விஞ்ச் மெஷின் இன்றைய சாஃப்ட் ஃப்ளோ மெஷினைவிட நிறையத் தண்ணீர் குடிக்கும். எனவே மொத்தத்தில் பழைய பனியன் கூடுதல் ஆற்றலை விழுங்கியதாகவே இருக்கலாம். நதியைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

2 மார்ச்

கப்பலைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர் கோபமாகக் கேட்கிறார். பேசுவதற்கு அதிகம் இல்லை. தூத்துக்குடியிலிருந்து ராட்டர்டாம் சூயஸ் வழியாக ஏறத்தாழ 12,500 கிலோமீட்டர். கன்டெய்னர் கப்பலில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த 0.1 முதல் 0.2 மெகாஜூல் போதும். 150 கிராமுக்கு மொத்தப் பயணமும் அரை மெகாஜூலைத் தாண்டாது. செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகின்றன, தூரம் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. ஆனாலும் பெரிய எண் இல்லை.

விமானம் வேறு கதை. டன் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 மெகாஜூல். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு பீஸின் பங்கு 10 முதல் 12. நமக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பிரின்டிங் தாமதமாகி, பையர் கெடு வைத்து, முழு ஆர்டரையும் ஏர் ஷிப்மென்ட்டில் அனுப்பினார்கள். லாபம் போனது ஊருக்குத் தெரியும். அந்தப் பெட்டிகளின் மேல் "நிலைத்த உற்பத்தி" என்ற பச்சை இலை முத்திரை இருந்ததை நானே பார்த்தேன். மில்லும் பட்டறையும் பல வருடம் கஷ்டப்பட்டுக் குறைத்ததை ஒரு பிரின்டிங் தாமதம் ஒரே இரவில் தின்றுவிட்டது.

9 மார்ச்

பருத்தியைத் தொடாமல் வைத்திருந்தேன், ஒருவர் தொட்டுவிட்டார்.

100 கிலோ விதைப் பருத்தியை ஜின்னிங்கில் போட்டால் பஞ்சு 34 கிலோவை ஒட்டி வரும். மற்றது பெரும்பாலும் கொட்டை. இப்போது வயலில் போட்ட யூரியாவை யார் தலையில் எழுதுவது? எடையில் பிரித்தால் மூன்றில் இரண்டு பங்கு கொட்டைக்குப் போய்விடும். விலையில் பிரித்தால் பெரும்பகுதி பஞ்சுக்கு வரும். மதுரையில் சாயங்காலம் பருத்திப்பால் குடிப்பவர் தெரியாமலேயே ஜெர்மனிக்காரரின் பனியன் கணக்கைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் சிரிக்கிறீர்கள், ஆனால் எடைக் கணக்கில் அதுதான் நடக்கிறது.

யூரியா சாதாரண விஷயம் இல்லை. கிலோவுக்கு 24 மெகாஜூலை ஒட்டி எரிவாயு போகிறது. 45 கிலோ மூட்டைக்கு ஆயிரத்துக்கு மேல். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு, அதில் சுமார் 650 மெகாஜூல். ஒரு மூட்டை யூரியாவைத் தோளில் தூக்குபவர் ஒன்றரைச் சிலிண்டருக்கு மேல் தூக்குகிறார்.

பம்ப்செட் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரும் இல்லை. எண்ணாததை வகுக்க முடியாது.

10 மார்ச்

"தையல்காரரின் சாப்பாட்டைச் சேர்த்தீர்களா?" கிண்டலாகக் கேட்டிருக்கிறார், ஆனால் இது ஐம்பது வருடச் சண்டை. 1974இல் ஸ்வீடனில் இந்தத் துறைக்காரர்கள் கூடி விதிமுறைகளை வகுத்தபோது, தொழில்மயமான நாடுகளின் கணக்கில் உழைப்பவரின் உணவைச் சேர்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள்.

நம் ஊரில் சேர்த்தால்? ஒருவர் நாளுக்கு 2,500 கிலோ கலோரி சாப்பிட்டால் 10.5 மெகாஜூல். ஒன்றரை ஷிப்ட்டில் ஆளுக்கு 50 பீஸ் என்று வைத்தாலே பீஸுக்கு 0.2 மெகாஜூல். ஒதுக்கிவிடலாம். கைத்தறிக்கு இதைச் செய்தால்தான் வேடிக்கை. ஒரு சேலைக்கு மூன்று நாள் என்றால் 30 மெகாஜூலுக்கு மேல் சாப்பாடே வந்துவிடும், கரண்டே இல்லாத தறி விசைத்தறியிடம் தோற்றுவிடும். நெசவாளர் நெய்யாத நாளிலும் சாப்பிடுவார் என்பதைக் கணக்குப் போடுபவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

17 மார்ச்

பொருள் சரி, சேவைக்கு எப்படி என்று கேட்டவருக்கு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தணிக்கை அறிக்கைக்குள் எவ்வளவு ஆற்றல்? கார் பெட்ரோல், லேப்டாப், அறை ஏ.சி. என்று எழுதத் தொடங்குவேன். அந்தக் கார் செய்த தொழிற்சாலை, அந்தத் தொழிற்சாலைக்கு எஃகு கொடுத்த ஆலை, அந்த ஆலைக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர்... அந்த ஆடிட்டரின் ஏ.சி.! எங்கோ ஓரிடத்தில் போதும் என்று கோடு போடுவேன். கோட்டுக்கு அப்பால் இருப்பதெல்லாம் விட்டுப்போகும்.

இதற்கு மாற்று வழி பொருளாதாரத்திலிருந்து வந்தது. எந்தத் துறை எந்தத் துறையிடம் எத்தனை ரூபாய்க்கு வாங்குகிறது என்று முழு நாட்டையும் ஒரே அட்டவணையில் போடும் முறையை வாசிலி லியோன்டிஃப் உருவாக்கினார், 1973இல் அதற்கு நோபல் பரிசு. அதே வருடம்தான் எண்ணெய் நெருக்கடி. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் ஹானன், ராபர்ட் ஹெரண்டீன், கிளார்க் புல்லார்ட் ஆகியோர் அந்த அட்டவணையில் பணத்தோடு எரிபொருளையும் ஓடவிட்டார்கள். ஒரு டாலருக்கு எந்தச் சேவை வாங்கினாலும் அதன் பின்னால் எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு எண்ணெய் என்று சொல்ல முடிந்தது. கோடு எங்கே போடுவது என்ற தொல்லை போனது.

தொல்லை வேறு வாசல் வழியாக வந்தது. அந்த முறைக்கு ரூபாய் மட்டும்தான் தெரியும். உங்கள் பனியன் கம்பெனி வாசலில் 150 ரூபாய், அதே பனியன் பெயர் ஒட்டிய கடையில் 1,500 ரூபாய் என்றால், கடைப் பனியனுக்குள் பத்து மடங்கு எரிபொருள் இருப்பதாகத் தோன்றும். இந்தியாவின் 2007-08 அட்டவணையில் 130 துறைகள் இருந்தன. அதில் உங்கள் பனியனும் யாரோ ஒருவரின் பட்டுச் சட்டையும் ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடும். ஆகவே பெரிய உருப்படிகளை மீட்டரிலிருந்தும், மிஞ்சும் சின்னச் சின்ன வால் பகுதியை அட்டவணையிலிருந்தும் எடுத்து ஒட்டுவதுதான் இன்று நடைமுறை. சேவைக்கு அட்டவணையை விட்டால் வேறு கதி இல்லை.

18 மார்ச்

கரூர் நண்பர் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்: "ஜி.எஸ்.டி. பில்லில் ஒரு வரிசை சேர்த்தால் போதாதா?"

இரவு முழுக்க இதையே யோசித்தேன். 2017 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பில்லும் முந்தைய பில்லின் வரியை வரவு வைத்துக்கொண்டு நகர்கிறது. வரிக்கு மேல் வரி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆற்றலிலும் நமக்கு அதேதான் வேண்டும், ஒரே யூனிட்டை இருவர் எண்ணக் கூடாது. மில் தன் பில்லில் "இந்த நூலுக்குள் இத்தனை மெகாஜூல்" என்று எழுதினால், ஜாப் ஒர்க்கர் தான் சேர்த்ததை மட்டும் எழுதினால், உங்கள் கையில் கூட்டிய எண் வந்துவிடும். ஆலோசகர் தேவையில்லை (என்னையும் சேர்த்து).

மின்சாரமும் பெட்ரோல், டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கின்றனவே, அதனால் சங்கிலி அறுந்துவிடுமே என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்தால் அது வசதியாகவே இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் மின் மீட்டரிலும் டீசல் பில்லிலும் இருப்பதை வெளியிலிருந்து வந்ததாகச் சேர்ப்பார். லியோன்டிஃப் அட்டவணையிலும் அப்படித்தான் செய்வார்கள்.

உடைவது வேறு இடத்தில். வீட்டு முன்னறையில் நாலு தையல் மெஷின் போட்டுக் கூலிக்குத் தைக்கும் பவர் டேபிள்காரருக்கு ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது. விறகு வியாபாரிக்கும் அநேகமாகக் கிடையாது. திருப்பூரே அந்த முன்னறைகளின் மேல்தான் நிற்கிறது.

19 மார்ச்

இன்னொரு சிக்கல். மில் மேனேஜர் எந்த யுகேஜியைப் பில்லில் எழுதுவார் என்று நினைக்கிறீர்கள்?

6 ஏப்ரல்

திருமண வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டார், ஒரு பவுனுக்குள் எவ்வளவு என்று. புதிதாகத் தோண்டி எடுத்த தங்கம் என்றால் தாதுவின் தரத்தைப் பொறுத்துக் கிராமுக்கு 200 மெகாஜூலை ஒட்டி. எட்டு கிராமுக்கு 1,600. இரண்டரைச் சிலிண்டர், அல்லது நம் கணக்கில் ஏறத்தாழ 90 பனியன். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் கிடைக்கும் என்பதால் இப்படி. பாட்டியின் வளையலை உருக்கிச் செய்தால் உலையின் சூடு மட்டும்தான்.

தங்கத்துக்கும் மின்சாரத்துக்கும் நம் பக்கத்தில் பழைய உறவு உண்டு. 1902இல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் மின் நிலையம் தொடங்கியது பெங்களூருக்காக இல்லை. கோலார் தங்க வயலுக்காக. அங்கே போக 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள், அந்தக் காலத்தில் அது உலகத்துக்கே பெரிய செய்தி. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வேலை செய்தார்கள். அவ்வளவு ஆழத்துக்குக் காற்றைத் தள்ள, தண்ணீரை இறைக்க, ஆளை ஏற்றி இறக்க ஆன மின்சாரம் எல்லாம் அந்தத் தங்கத்துக்குள்தான். 2001இல் சுரங்கம் மூடியது. அந்தத் தங்கம் யார் யார் கழுத்தில் இருக்கிறதோ.

இழை பனியனை விட்டு நகைக்கடைக்குப் போய்விட்டது, திரும்புவோம்.

20 ஏப்ரல்

"துவைப்பதில்தான் பெரும்பகுதி ஆற்றல் போகிறது" என்ற ஐரோப்பிய முடிவை ஒருவர் இங்கே ஒட்டியிருக்கிறார். உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். துவைத்து உலர்த்த ஒரு பனியனுக்கு 0.1 யூனிட் என்றால் 50 முறைக்குப் பிளக்கில் மட்டும் 18 மெகாஜூல், அதே பிளக் கணக்கில் நாம் தயாரிப்புக்குப் போட்டது 10தான். கொடியில் காயப்போடும் வீட்டுக்கு இது செல்லாது. இங்கே பனியனுக்குள் இருக்கும் ஆற்றல் பெரும்பாலும் அது கம்பெனியை விட்டு வெளியே வரும்போதே இருந்ததுதான். அவர்கள் ஊர் முடிவை நம் ஊர் விளம்பரத்தில் போட்டு "குளிர்ந்த நீரில் துவையுங்கள்" என்று சொல்கிறார்கள். நாம் எப்போது வெந்நீரில் துவைத்தோம்?

27 ஜூலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சூழல் வடிவமைப்புச் சட்டம் 18ஆம் தேதி அமலுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது, துணி முன் வரிசையில் நிற்கிறது. எனவே இந்தக் கட்டம் படிவத்தை விட்டுப் போகப்போவதில்லை. காம்பாக்டிங்காரரிடமும் பிரின்டிங்காரரிடமும் மாதாந்திர யூனிட்டையும் ஓட்டிய கிலோவையும் எழுதி வாங்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். இரண்டு எண்கள் போதும், ஒரு நோட்டுப் புத்தகத்தில்.

3 ஆகஸ்ட்

இழையைத் தொடங்கியவர் தனிச் செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில்: 18 எழுதுங்கள், 10 வேண்டாம். குறைவாக எழுதிவிட்டு அடுத்த ஆண்டு வேறு முறை கேட்டால், உங்கள் கம்பெனி ஒரே வருடத்தில் இரு மடங்கு மோசமாகிவிட்டதாக அவர்கள் கணினி சொல்லும். கீழே மூன்று வரி சேருங்கள்: நிலக்கரி வரை எண்ணியது, விறகு உட்பட, பருத்தி விளைச்சலும் கப்பலும் நீங்கலாக. கழிவுநீர் சுத்திகரிப்புக்கான ஒன்றேகாலைத் தனியாகக் காட்டுங்கள்.

5 ஆகஸ்ட்

அந்தக் கட்டம் இலக்கத்தைத் தவிர எதையும் ஏற்க மறுக்கிறதாம். மூன்று வரியையும் துணி நிறம் பற்றிய குறிப்புகளுக்கான கட்டத்தில் போட்டு அனுப்பியிருக்கிறார். பையரிடமிருந்து பதிலும் வந்துவிட்டது: நேவி ப்ளூவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விளக்கம் என்று கேட்கிறார்கள்.